பண்பாடும் வளங்குன்றா நகர வளர்ச்சியும்: மதுரையின் நீர்நிலைகளையும் திருவிழா வீதிகளையும் முன்வைத்து

முன்னுரை

நகர வளர்ச்சி குறித்த உலகளாவிய ஆவணங்களில் பண்பாடு என்னும் சொல் காலந்தாழ்ந்தே இடம்பெற்றது. 1987இல் வெளிவந்த பிரண்ட்லண்ட் ஆணைய அறிக்கை, வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு நேராவண்ணம் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வதே வளங்குன்றா வளர்ச்சி என வரையறுத்தது. அதனை அடியொற்றிப் பொருளாதாரம், சமூகம், சுற்றுச்சூழல் ஆகிய மூன்றும் வளர்ச்சியின் தூண்கள் எனப்பட்டன. ஆஸ்திரேலியரான ஜான் ஹாக்ஸ் 2001இல் பண்பாட்டை நான்காம் தூணாக முன்மொழிந்தார். 2004இல் பார்சிலோனாவில் உள்ளாட்சி அமைப்புகள் ஏற்ற பண்பாட்டுக்கான செயல்திட்டமும், 2010இல் மெக்சிகோ நகரில் அவை ஏற்ற அறிக்கையும் இக்கருத்தை உறுதிப்படுத்தின. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த பதினேழு இலக்குகளுள் பதினோராவது, நகரங்களுக்குரியது. அதன் நான்காவது உட்கூறு, பண்பாட்டு மரபுச் செல்வங்களையும் இயற்கை மரபுச் செல்வங்களையும் காக்கும் முயற்சியை வலுப்படுத்தவேண்டும் என்கிறது.

இவ்வாவணங்களில் பண்பாடு பெரும்பாலும் காக்கப்படவேண்டிய பொருளாகவோ சுற்றுலா வருவாய்க்கான முதலாகவோ அமைகிறது. நகரத்தின் நீரையும் தெருவையும் கரையையும் பண்பாடு எவ்வழியில் காத்தது, எப்போது காக்கத் தவறியது என்னும் வினா அவற்றில் போதிய இடம் பெறவில்லை. திருவிழா ஆண்டுதோறும் பெருகும் ஒரு நகரத்தில் ஆறு ஆண்டுதோறும் நலியக்கூடும். மதுரை அதற்குச் சான்று. எனவே பண்பாடு இருந்தாலே நகரம் நிலைபெறும் எனக் கொள்வது பொருந்தாது. சடங்கு, அதற்குரிய உரிமை, அதனோடு பிணைந்த பராமரிப்புக் கடமை ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தவரை பண்பாடு நகரத்தின் வளங்களைக் காத்தது. கடமை பிரிந்து சடங்கு மட்டும் எஞ்சியபோது அக்காப்பு நின்றது. இக்கருத்தை மதுரையின் வீதி, ஆறு, குளம், மண்டபம் ஆகியவற்றின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

மாதங்களின் பெயர் தாங்கிய வீதிகள்

மதுரையின் பழைய நகரம் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவாகக் கொண்டு சதுரச் சதுரமாக விரிகிறது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதனை அடுத்து ஆவணி மூல வீதி. அதற்கும் வெளியே மாசி வீதி. எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதி. இப்பெயர்கள் அந்தந்த மாதத்துத் திருவிழா உலா சென்ற வழிகளைக் குறிப்பன. நகர வரைபடமே ஒரு பஞ்சாங்கமாக அமைந்த அரிய நகரங்களுள் மதுரை ஒன்று எனலாம்.

இன்று சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அன்று, மாசி வீதியிலேயே. திருமலை நாயக்கர் (1623–1659) மாசியில் நிகழ்ந்த மீனாட்சி திருக்கல்யாணத் திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. விழாவின் மாதம் மாறியும் வீதியின் பெயர் மாறவில்லை. மாசி அறுவடைக் காலம். சித்திரையில் வயல்வேலை ஓய்ந்திருக்கும். பெருந்தேரின் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும். வேளாண்மை ஓய்வுக்கேற்ப நகரத்தின் பெருவிழா நாள் மாறியது என்னும் விளக்கம் இப்பின்னணியில் பொருத்தமாகவே தோன்றுகிறது. நகரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் ஒரே உழைப்பு நாட்காட்டியில் இயங்கின என்பதற்கும் இது சான்றாகும்.

தேரோட்டம் வீதிக்குச் செய்த பணி தனித்து நோக்கத்தக்கது. நான்கு மாசி வீதிகளின் அகலமும் மூலைத் திருப்பங்களின் வளைவும் தேரின் அளவால் உறுதிசெய்யப்பட்டன. ஆண்டுக்கு ஒருமுறை தேர் வரும் நாளில், வீதிக்குள் நீட்டப்பட்ட படிக்கட்டும் தாழ்ந்து தொங்கும் கம்பியும் தாமே வெளிப்பட்டுவிடும். தேர் தடைபட்டால் அது ஊருக்கு ஆகாது என்னும் நம்பிக்கை, எந்த நகரமைப்பு விதியும் தரவியலாத வலிமையை அவ்வகலத்துக்குத் தந்தது. ஆக்கிரமிப்பு பெருகிய பழைய நகரத்தில் மாசி வீதிகள் தம் அகலத்தைப் பெரிதும் இழக்காமல் இருப்பதற்குத் தேரும் ஒரு காரணம். தேர் செல்லாத சந்துகளின் நிலையோடு ஒப்பிட்டால் இது விளங்கும்.

வெளி வீதிகளின் வரலாறு இதற்கு மாறானது. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் நாயக்கர் காலக் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த தெருக்களுள் இரண்டு, அப்பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரால் இன்றும் வழங்குகின்றன. பிளாக்பர்ன் நினைவாக நிறுவப்பட்ட விளக்குத்தூண் இன்று ஒரு கடைவீதியின் பெயராகிவிட்டது. நகரம் மூச்சுவிட இடம் பெற்றது. அதே வேளையில் மழைநீரைத் தாங்கிய ஓர் அகழியை இழந்தது. உள் வீதிகளுக்கு மாதப் பெயர், புற வீதிகளுக்கு அளவையாளர் பெயர் என்னும் இவ்வேறுபாடு, நகரத்தை அமைக்கும் அதிகாரம் கைமாறியதன் பதிவாகும்.

வையை: பாடலும் கரையும்

பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் 8 வையைக்குரியவை. எழுபதாக இருந்த தொகுதியில் 26 பாடல்கள் வையையைப் பாடின என்பது மரபுச் செய்தி. புதுப்புனல் வருவதும், செய்தி கேட்டு நகரமே கரைக்குத் திரள்வதும், நீராட்டும் இப்பாடல்களின் பொருள். இவற்றை அகப்பொருள் நோக்கிலும் இசை நோக்கிலும் ஆராய்ந்தோர் பலர். நகர வரலாற்று நோக்கில் இவை வேறொன்றையும் காட்டுகின்றன. வெள்ளம் இங்கு அச்சத்துக்குரியது மட்டுமன்று. நகரம் ஆண்டுதோறும் எதிர்நோக்கிக் கொண்டாடும் வரவாகும். ஆற்றுக்கு விரிந்து பாய இடம் விடப்பட்டிருந்தாலன்றி அக்கொண்டாட்டம் இயலாது. ஆறாம் பாடலில், மலரும் சந்தனமும் மதுவும் கலந்து மணக்கும் நீரைக் கண்டு தூய்மை பேணும் அந்தணர் கலங்கும் காட்சி ஒன்று உண்டு. புலவர் அதனை நகைச்சுவை தோன்றவே அமைக்கிறார். ஆயினும் நகரத்தின் மகிழ்ச்சி நகரத்தின் நீரை மாசுபடுத்தும் என்னும் உணர்வு அக்காலத்திலேயே பதிவு பெற்றுள்ளமை கருதத்தக்கது.

கரை பற்றிய செய்தியைப் பிற்காலப் புராணம் விரிவாகத் தருகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பிட்டுக்கு மண் சுமந்த படலம் அனைவரும் அறிந்ததே. வையை பெருகிக் கரை உடைகிறது. ஊரில் ஒவ்வொரு குடிக்கும் கரையில் இவ்வளவு பங்கு என அளந்து விடப்படுகிறது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் பங்கு உண்டு. அவளுக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டே கூலி எனப் பேசிக்கொண்டு இறைவன் கூலியாளாக வருகிறான். அவன் வேலையைச் செவ்வனே செய்யாததால் அரசன் பிரம்பால் அடிக்க, அவ்வடி எல்லா உயிர்மேலும் படுகிறது.

பக்தி நோக்கில் இது இறைவனின் எளிவந்த தன்மையைக் கூறும் கதை. நீர்மேலாண்மை நோக்கில், கரையடைப்பு என்பது வரியாக அன்றி உடலுழைப்பாகக் குடிதோறும் பங்கிடப்பட்ட முறையின் பதிவும் ஆகும். பிற்கால ஆவணங்கள் குடிமராமத்து எனக் குறிப்பிடும் முறையின் சாயல் இங்குத் தெளிவாக உள்ளது. கதை அம்முறையைப் புகழ்வதோடு அமையவில்லை. ஆளற்ற முதியவளுக்கும் மற்றவர்க்கும் ஒரே அளவுகோல்தானா என்னும் வினாவையும் எழுப்புகிறது. பங்கீட்டின் கடுமையை உணர்ந்த மரபே இத்தகைய கதையைப் படைத்திருக்க முடியும்.

இந்நிகழ்ச்சி ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்திக்காட்டப்படுகிறது. சுந்தரேசுவரர் ஆரப்பாளையம் அருகேயுள்ள புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுகிறார். தங்கக் கூடையும் தங்க மண்வெட்டியும் கொண்டு மண் சுமக்கும் சடங்கு நிகழ்கிறது. கருவி பொன்னாகி, வேலை குறியீடாகி நிலைபெற்ற விழா இது. ஒரு காலத்தில் ஊர் முழுதும் செய்த வேலையின் நினைவு இங்கு எஞ்சியுள்ளது, அவ்வேலை எஞ்சவில்லை.

குடிமராமத்தின் மறுபக்கம்

நீர்நிலைப் பராமரிப்பு முழுவதும் ஊராரின் தன்விருப்ப உழைப்பால் நடந்தது என்னும் கருத்து இன்று பலராலும் எளிதாக எடுத்தாளப்படுகிறது. அதனை ஆராயாமல் ஏற்பது பிழை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியம், ஊர்ச்சபையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழு. அதற்கு விதியும் தகுதியும் கால வரையறையும் இருந்தன. பல ஊர்களில் குளத்துக்கென நிலமும் வருவாயும் ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே உழைப்புக்குப் பின்னால் உரிமையும் வருவாயும் நின்றன. நிலவரி முறைகள் மாறி அத்தகைய மானியங்கள் அரசின் கணக்கில் சேர்ந்தபின், உழைப்பை மட்டும் தனியே எதிர்பார்க்கும் நிலை வந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், மரபாகச் செய்யப்பட்ட உழைப்பைத் தண்டனை அச்சத்தால் பெற முயன்றது. தன்விருப்பமாக நிகழ்ந்த ஒன்றுக்குக் கட்டாயச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தாலே அன்றைய நிலை புலப்படும்.

இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை விரிவாக ஆராய்ந்த டேவிட் மாஸ் (2003), இந்நீர்நிலைகள் தன்னாட்சி பெற்ற கிராமச் சமுதாயங்களால் அன்றி, அரசர், பாளையக்காரர், கோயில், ஊர்த்தலைமை ஆகியோரின் அதிகாரப் பின்னலில் காக்கப்பட்டன எனக் காட்டுகிறார். கோயில் மரியாதையும் நீர்ப்பங்கும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்பது அவர் ஆய்வின் முதன்மையான கருத்துகளுள் ஒன்று. மடை திறந்து நீர் பாய்ச்சும் பணி பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் மீது சுமத்தப்பட்டிருந்தது. திருவிழாவில் மரியாதை ஒருவருக்கு, மடையில் இறங்கும் வேலை மற்றொருவருக்கு என்பதே நடைமுறை. பண்பாட்டை வளர்ச்சியின் தூண் என்போர் இப்பகுதியைக் கடந்து செல்லவியலாது. பழைய முறையை அப்படியே மீட்டெடுத்தால் அதன் ஏற்றத்தாழ்வும் மீளும். தமிழ்நாட்டில் 2017இல் குடிமராமத்து என்னும் பெயரால் அரசுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பெயர் மரபினது, நிதி அரசினது. நீரின்மேல் யாருக்கு என்ன சொல்லுரிமை என்பதே அத்தகைய எந்தத் திட்டத்திலும் கேட்கவேண்டியது.

தெப்பக்குளம்: பிரிவும் இணைவும்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 1645இல் திருமலை நாயக்கரால் வெட்டப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமும் அதற்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட குளம். நடுவே மைய மண்டபமும் மரங்களும் உண்டு. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்றும், அங்குக் கிடைத்த பிள்ளையாரே கோயிலில் உள்ள முக்குறுணி விநாயகர் என்றும் வழக்காறு கூறும். கட்டடத்துக்கு மண் எடுத்த இடத்தைப் பாழாக விடாமல் நீர்நிலையாக்கிய சிந்தனை இவ்வழக்காற்றில் பொதிந்துள்ளது. மண் எடுத்தபின் குழிகளைக் குப்பை கொட்டவிடும் இன்றைய வழக்கம் இங்கு நினைவுக்கு வருகிறது.

குளத்துக்கு நீர் வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாக வந்தது. தைப்பூசத்தன்று தெப்பத்தில் அம்மனும் சுவாமியும் எழுந்தருள, கரையில் நிற்போர் வடம் பிடித்து இழுக்கத் தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி வரும். இவ்விழா நிகழ வேண்டுமானால் தை மாதத்தில் குளம் நிறைந்திருக்கவேண்டும். குளம் நிறைய, வடகிழக்குப் பருவமழையின்போது கால்வாய் தூர்ந்திருக்கக் கூடாது. கால்வாய் தூராதிருக்க, அதன் போக்கில் கட்டடங்கள் எழக்கூடாது. ஆற்றின் மணற்படுகை கால்வாயின் தலைப்பைவிட மிகத் தாழ்ந்துவிடவும் கூடாது. ஒரு நாள் விழா இவ்வாறு பல மாதப் பணிகளின் ஒழுங்கைத் தன்னுள் அடக்கியிருந்தது. விழா நாள் என்பது அப்பணிகள் நிறைவேறினவா என ஊரார் கண்கூடாகக் காணும் தேர்வு நாள்.

கால்வாய் அடைபட்டு, ஆற்றிலும் நீர் அரிதானபோது குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. சிறுவர் அதனுள் மட்டைப்பந்து ஆடினர். திருவிழா நிற்கவில்லை, நீரில்லாத ஆண்டுகளில் நிலைத்தெப்பமாக நடத்தப்பட்டது. தேர்வு நாளிலிருந்து தேர்வு நீக்கப்பட்டது என்பதே இம்மாற்றத்தின் உட்பொருள். சடங்குக்கு மாற்று வழி கிடைத்தபின், கால்வாய் பற்றிய நினைவூட்டல் விழாவிலிருந்து மறைந்தது. சடங்கின் நெகிழ்வுத்தன்மை அதன் வலிமை எனச் சமயவியலார் கூறுவர். நகரத்தின் நீரைப் பொறுத்தவரை அந்நெகிழ்வே இழப்பாயிற்று.

அண்மை ஆண்டுகளில் கால்வாய் சீரமைக்கப்பட்டு வைகை நீர் மீண்டும் குளத்தை அடைந்தது. நிறைந்த நீரில் தெப்பம் மிதந்தது. மாலைவேளைகளில் குளக்கரை மக்கள் கூடும் இடமாயிற்று. நீர் நிறைந்த குளம் சுற்றுப்புற நிலத்தடி நீரையும் ஊட்டும். இங்குக் குறிக்கத்தக்கது மீட்பின் பின்னணி: தெப்பம் நீரில் மிதக்கவேண்டும் என்னும் பொதுமக்களின் எதிர்பார்ப்பு ஒருபோதும் அற்றுப்போகவில்லை. நிலைத்தெப்பம் வழக்கமாகிவிட்ட காலத்திலும் அது ஒரு குறையாகவே உணரப்பட்டது. விழா இல்லாத குளங்களுக்கு இத்தகைய நினைவு வாய்க்கவில்லை.

அதற்கு எழுகடல் சான்று. புதுமண்டபத்துக்குக் கிழக்கே, முற்றுப்பெறாத இராயகோபுரத்தை அடுத்து, எழுகடல் என்னும் குளம் இருந்தது. காஞ்சனமாலை நீராட ஏழு கடல்களையும் இறைவன் அழைத்ததாகக் கூறும் எழுகடல் அழைத்த படலத்தோடு தொடர்புற்ற தீர்த்தம் அது. குளம் தூர்க்கப்பட்டு வணிக வளாகமாகிவிட்டது. தெருவின் பெயரும் புராணத்தின் படலமும் மட்டும் நிற்கின்றன. இலக்கியப் புகழ் மட்டும் ஒரு நீர்நிலையைக் காப்பதில்லை என்பதை எழுகடல் காட்டுகிறது. ஆண்டுதோறும் நீரைக் கேட்டு நிற்கும் விழா ஒன்று தெப்பக்குளத்துக்கு இருந்தது.

ஆற்றில் இறங்கும் அழகர்

சித்திரைப் பௌர்ணமியையொட்டி அழகர்மலையிலிருந்து கள்ளழகர் வைகைக்கு வருகிறார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வழி நெடுகிலும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொரு மண்டகப்படிக்கும் ஒரு குடும்பம், ஒரு சமூகம், ஒரு தொழிலார் கூட்டம் என உரியோர் உளர். தண்ணீர்ப் பந்தலும் நீர்மோரும் அன்னமும் அவர்தம் பொறுப்பு. இலட்சக்கணக்கானோர் நடந்து வரும் ஒரு நிகழ்ச்சியில் குடிநீரும் நிழலும் உணவும் மையக் கட்டுப்பாடின்றி வழங்கப்படும் இவ்வமைப்பு, நகர நிருவாக ஆய்வாளர் ஊன்றிக் கற்கவேண்டிய ஒன்று. தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் இவ்விழாவில் பல்வேறு சாதியினர் பெற்றுள்ள பங்கை விரிவாக ஆராய்ந்து, கோயிலுக்கும் அடித்தள மக்களுக்கும் இடையேயான உறவை விளக்கியுள்ளார்.

அழகர் முற்காலத்தில் மதுரைக்கு மேற்கேயுள்ள தேனூரில் ஆற்றில் இறங்கினார் என்பது மரபு. இன்று வண்டியூர்ப் பக்கத்தில் ஆற்றில் உள்ள தேனூர் மண்டபம் அதனை நினைவூட்டுகிறது. விழா நகரத்துக்குள் வந்தபோது ஆறு விரிந்த மணற்பரப்பாக இருந்தது. அம்மணலே கூட்டம் தங்கும் இடம். ஊற்றுத் தோண்டிக் குடிநீர் பெற்ற இடமும் அதுவே.

1895இல் முல்லைப்பெரியாற்று அணையும் 1959இல் வைகை அணையும் வந்தபின், ஆற்றின் ஓட்டம் பாசனத் தேவைக்கேற்ற திறப்பாக மாறியது. பாசனத்துக்கு அவை செய்த நன்மை பெரிது. நகரப் பகுதியில் ஓடும் ஆறோ ஆண்டின் பெரும்பகுதி கழிவுநீர் ஓடையாயிற்று. மணல் அள்ளப்பட்டு, கட்டாந்தரையில் முட்செடியும் ஆகாயத்தாமரையும் பெருகின. சித்திரைத் திருவிழாவுக்கென அணையிலிருந்து சில நாள்களுக்கு நீர் திறந்துவிடப்படுகிறது. நீர் போதாத ஆண்டுகளில் ஆற்றுக்குள் தொட்டிபோல் இடம் அமைத்து நீர் நிரப்பி அழகரை இறக்கியதும் உண்டு. ஒரு காலத்தில் ஆறு இருந்ததால் விழா வந்தது; இப்போது விழாவுக்காக ஆறு வருகிறது.

இதனை இருவகையாகப் பொருள்கொள்ளலாம். மக்களின் சடங்குணர்வு அரசைக்கூட நீர் திறக்கச் செய்யும் அளவுக்கு வலியது என்பது ஒன்று. ஆண்டில் சில நாள் நீர் ஓடினால் போதும் என்னும் மனநிறைவையும் அதே சடங்கு தருகிறது என்பது மற்றொன்று. பின்னதே வலுவாகத் தோன்றுகிறது. விழாவின் மண்டகப்படிகளுக்கெல்லாம் உரியோர் உளர். ஆற்றின் எந்தப் பகுதிக்கும் உரியோர் இலர். பந்தலுக்கு ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பொறுப்பேற்கிறது. அப்பந்தல் நிற்கும் கரையில் சேரும் கழிவுக்கு எவரும் பொறுப்பேற்கும் மரபு உருவாகவில்லை.

இடமும் சுருங்கியுள்ளது. இரு கரைகளிலும் சாலைகளும் சுவர்களும் எழுந்துள்ளன. 2016இல் மதுரை சீர்மிகு நகரத் திட்டத்தில் இடம்பெற்றபின் கரைமேம்பாட்டுப் பணிகள் மேலும் நடந்தன. பெருகிவரும் கூட்டமோ அதே குறுகிய படுகைக்குள் இறங்குகிறது. 2022ஆம் ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கிய வேளையில் நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். கரை வடிவமைப்பில் விழாக் கூட்டத்தின் நடையையும் திரும்பும் வழியையும் அடிப்படை அளவாகக் கொள்வது அழகியல் சார்ந்த விருப்பமன்று. உயிர் சார்ந்த தேவை. மாசி வீதிக்குத் தேர் தந்த அளவுகோலைப் போன்ற ஒன்று வைகைக் கரைக்கு வகுக்கப்படவில்லை.

புதுமண்டபம்: கல்லும் கைத்தொழிலும்

மரபுச் செல்வங்களைக் காப்பது என்னும்போது எதனைக் காப்பது என்னும் சிக்கல் புதுமண்டபத்தில் வெளிப்படையாகத் தோன்றுகிறது. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கெனக் கட்டிய மண்டபம் அது. கோடைவெப்பம் தணியச் சுற்றிலும் நீர் தேங்கும் அகழியமைப்பும் இருந்தது. கட்டடமே குளிர்ச்சிக்கு வழி கண்ட நுட்பம் அது. பல தலைமுறைகளாக இம்மண்டபத்தில் தையற்காரர்களும் பாத்திரம், வளையல், புத்தகக் கடைக்காரர்களும் தொழில் செய்தனர். சித்திரைத் திருவிழாவில் திரியெடுப்போரும் துருத்தி நீர் தெளிப்போரும் அணியும் உடைகள் இங்குத்தான் தைக்கப்பட்டன.

அண்மையில் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்கள் வெளிச்சம் பெற்றன. தூண்களில் ஆணியடிப்பது நின்றது. கட்டடக்கலை நோக்கில் இதில் குறைகாண இடமில்லை. ஆயினும் கோயிலுக்கு வருவோர் கண்ணெதிரே நடந்த தையற்றொழில், தேடிச் செல்லவேண்டிய தொழிலாக மாறியது. திருவிழாவின் உடை எங்கே தைக்கப்படுகிறது என்பது சிற்பத்தைப் போலவே விழாவின் ஒரு பகுதி. பாதுகாப்புத் திட்டங்கள் கல்லுக்கு அளவு எடுக்கின்றன. தொழிலாளரின் வாடிக்கையாளர் தொகை எவ்வளவு குறைந்தது என்பதற்கு அளவு எடுப்பதில்லை. மதுரைச் சுங்குடி 2005இலும் மதுரை மல்லி 2013இலும் புவிசார் குறியீடு பெற்றன. குறியீடு பெயரைக் காக்கிறது. சாயமிட நீரும் முடிச்சிடும் கைகளுக்குக் கூலியும் வேறு வழியில்தான் வரவேண்டும்.

எதனை அளப்பது

ஐக்கிய நாடுகளின் பதினோராம் இலக்கின் நான்காம் உட்கூறு நிறைவேறியதா என்பதை அளக்க வகுக்கப்பட்ட குறியீடு, மரபுச் செல்வங்களைக் காக்கத் தலைக்கு எவ்வளவு செலவிடப்பட்டது என்பதாகும். நாடுகளை ஒப்பிட இது எளிய வழி. மதுரையை இவ்வளவுகோலில் நிறுத்தினால், கல் பதிக்கப்பட்ட வீதிகளும் ஒளியூட்டப்பட்ட கோபுரங்களும் கரைச்சுவர்களும் நல்ல மதிப்பெண் பெறும். பனையூர்க் கால்வாயில் ஐப்பசியில் நீர் தடையின்றிப் பாய்கிறதா என்பது அக்கணக்கில் வராது. மண்டகப்படிக்காரர்கள் செலவிடும் பணமும் உழைப்பும் முழுமையாக எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

செலவுக்கு மாற்றாகக் கேட்கத்தக்க வினாக்கள் உள்ளன. ஒரு திருவிழா எந்த நீரை, எந்த நிலத்தை, எவருடைய உழைப்பை வேண்டி நிற்கிறது? அவை இயல்பாகக் கிடைக்கின்றனவா, அன்றி லாரியும் ஆழ்துளைக் கிணறும் கொண்டு ஈடுசெய்யப்படுகின்றனவா? அவற்றைப் பேணும் பொறுப்பு எவர் பெயரில் உள்ளது? அப்பொறுப்புக்கு ஈடாக அவர் பெறும் உரிமை யாது? தெப்பக்குளத்துக்கு இவ்வினாக்களை எழுப்பினால் விடை ஒருவாறு கிடைக்கிறது. வைகைக்கு எழுப்பினால் மூன்றாம் வினாவிலேயே விடை நின்றுவிடுகிறது.

இவ்விடைகளுக்கான சான்றுகள் பெரும்பாலும் தமிழில் உள்ளன. கோயில் வரவு செலவுக் கணக்குகள், மண்டகப்படி உரிமை ஆவணங்கள், தலபுராணங்கள் குறிக்கும் தீர்த்தங்கள், கண்மாய், ஏந்தல், ஊருணி என முடியும் இடப்பெயர்கள், மடைக்கும் கலுங்குக்கும் வழங்கும் வட்டாரச் சொற்கள் ஆகியவை நகரமைப்பாளர் கைக்கு எட்டாதவை. மதுரையின் விரிவாக்கப் பகுதிகளில் பழைய கண்மாய்ப் பெயர்கள் இன்று பேருந்து நிறுத்தங்களாகவும் குடியிருப்புப் பகுதிகளாகவும் வழங்குகின்றன. அப்பெயர்களை நில அளவைப் பதிவேடுகளோடு பொருத்தி, நீர் எவ்வழி வந்தது, எவ்வழி வெளியேறியது என வரைபடமாக்கும் பணி, சொல்லாய்வும் களஆய்வும் அறிந்தோர் செய்யவேண்டியது. மண்டகப்படி உரிமை ஆவணங்களையும் இவ்வாறு தொகுக்கலாம். பல, குடும்பங்களின் மரப்பெட்டிகளில் உள்ளன. அவற்றை வைத்திருக்கும் முதியோர் இருக்கும்போதே அப்பணி தொடங்கப்படவேண்டும்.